முகம் உரிந்த மார்கழி

பருவுக்கு மருந்து போட ஆரம்பித்தால், பரு குறைவதற்கு முன்னால் முகம் காயும். எனக்கு முதன்முதலில் மருந்து எழுதிக் கொடுத்தவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், கல்லூரியில் சேர்ந்த வருஷத்து மார்கழி எனக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும். அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். முகம் எரிந்ததும் பயந்துபோய் நல்ல மருந்தைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு கண்ட களிம்பின் பின்னாலும் அலைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு நெற்றியில் ஆரம்பித்தது. பிளஸ் டூ முடிப்பதற்குள் கன்னம், தாடை என்று இறங்கிவிட்டது. தொட்டாலே வலிக்கிற, சீழ் கோத்த பருக்கள். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். போன பரு விட்டுச்சென்ற கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

ஆச்சிக்கு அது உடம்புச் சூடு. வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அத்தைக்கு அது வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் தன்னால் போய்விடும். அம்மா பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் வேப்பிலையும் காயவைத்து அரைத்து டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சந்தனக் கட்டையும் கல்லும் வந்து சேர்ந்தன. யார் சொன்னதிலும் பாசத்துக்குக் குறைவில்லை. பரு மட்டும் எதற்கும் மசியவில்லை.

2005-ல் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. ஹாஸ்டலில் விட வந்தபோது அப்பா ஒரு ஸ்கின் டாக்டரைப் பற்றி விசாரித்து வைத்துக்கொண்டார்; கார்த்திகையில் இன்னொரு தடவை வந்து அவரிடம் கூட்டிப்போனார். டோக்கன் வாங்கிக் காத்திருந்த நேரம்தான் அதிகம். உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டோம். சீட்டில் இரண்டு மருந்து. ராத்திரிக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலைக்கு பென்சாயில் பெராக்சைடு 5 சதவீத ஜெல். "டெய்லி போடும்மா, ஒரு மாசம் கழிச்சு வா." மருந்துக்கடைக்காரர் டியூப் அட்டையில் பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு, எப்படி, போட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அட்டைக்குள் மடித்து வைத்த காகிதத்தில் பொடி எழுத்து இங்கிலீஷில் இருந்தது. பதினேழு வயசில் அதை யார் விரித்துப் படிப்பார்கள்?

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூக்கின் இரண்டு ஓரமும் சிவந்தது. அடுத்து வாயோரம், அடுத்து முகவாய். மார்கழி பிறந்ததும் கோயம்புத்தூர்க் குளிர்காற்றும் சேர்ந்துகொண்டது. காலையில் கண்ணாடி முன்னால் நின்றால், முகவாயில் தோல் சின்னச் சின்னச் செதிலாக எழும்பி நிற்பது ஜன்னல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ஒரு செதிலை நகத்தால் இழுத்தால் சுருண்டு வரும். கீழே மெல்லிசாகப் பளபளவென்று சிவந்த தோல், காற்று பட்டாலே காந்தும். பவுடர் போட்டால் உரிந்த விளிம்புகளில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு முகமெல்லாம் வெள்ளைக் கோடு கோடாகும். ஹாஸ்டல் போர் தண்ணீர் உப்பு. முகத்தில் ஊற்றியதும் திகுதிகுவென்று எரியும். மெஸ்ஸில் ரசம் உதட்டோரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கொட்டாவி விட்டால் வாயோரம் வெடிக்கும். இத்தனைக்கும் மத்தியானமானால் அதே முகத்தின் நெற்றியில் எண்ணெய் வழியும். காய்வதும் வழிவதும் ஒரே முகத்தில் எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

முகத்தோடு துணியும் போயிற்று. மெரூன் நிறத் துண்டில் ஆரஞ்சுத் திட்டுகள் விழுந்தன. கரும்பச்சைச் சுடிதாரின் கழுத்தோரம் பழுத்து வெளுத்தது. சோப்புத் தூள்தான் காரணம் என்று அறையில் எல்லோரும் சோப்புத் தூளை மாற்றிப் பார்த்தோம். காலையில் போட்ட ஜெல்தான் அந்த வேலையைச் செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுக்கும், புருவத்திலும் முன்முடியிலும் பட்டால் முடியைக்கூட வெளுக்கும். தோலின் நிறத்தை அது வெளுப்பதில்லை. இதுவும் யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள் என்றால் முடிந்துபோகிற காரியம்.

அறைத்தோழிகள் அலர்ஜி என்று முடிவு கட்டினார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, அந்த எழவ விட்டுத் தொலை. பரு இருந்தா இருந்துட்டுப் போவுது, முகத்தக் கெடுத்துக்காத" என்றாள். அப்பா, டாக்டர் சொன்ன ஒரு மாசம் ஆகட்டும் என்றார். நடுவில் எரிச்சல் தாங்காமல் கல்லூரிப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போய் முகத்தைக் காட்டினேன். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு சின்ன டியூபை எடுத்து நீட்டி, "இதப் போடுங்க, ரெண்டு நாள்ல சிவப்பெல்லாம் அமந்துரும்ங்க" என்றார்.

பக்கத்து அறையில் பி.பார்ம். படித்த அக்கா ஒருத்தி இருந்தாள். டியூபைத் திறப்பதற்குள் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். பீட்டாமெத்தசோன். "இது ஸ்டீராய்டு. ரெண்டு நாள்ல முகம் பளபளன்னு ஆயிரும், அது நிஜம். மூணு மாசம் போட்டன்னா அப்புறம் இது இல்லாம வெளிய தலை காட்ட முடியாது" என்றாள். டியூபை அவளே வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது போகப் போகத்தான் விளங்கியது. முகத்தில் ஸ்டீராய்டு களிம்பை நாள்பட்டுப் போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முடி வளரும், புதிதாகப் பருவே கிளம்பும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி சிவக்கும். அந்தப் பயத்தில் மறுபடி போடுவார்கள். சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து இதையே வருஷக்கணக்கில் பூசி முகத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் இதை எதிர்த்து நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வந்தது. 2018-ல்தான் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அதற்கு எவ்வளவோ முன்னால், ஹாஸ்டல் வராண்டாவில் ஒரு மாணவி என்னைத் தடுத்து நிறுத்தினாள். அந்த அக்காவை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அவளே மறுநாள் என்னை அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். வரிசை நீளம். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "எவ்வளவு போடற கண்ணு?" என்பதுதான். அடாபலீன் டியூபை எடுத்துக் காட்டச் சொன்னார். நான் விரலில் பிதுக்கியதைப் பார்த்துவிட்டு, அதில் கால்வாசியைத் தன் விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். "இவ்வளவுதான், ஒரு பட்டாணி. முழு முகத்துக்கும் சேர்த்து இதுதான். அதிகம் போட்டா சீக்கிரம் போகாது, அதிகம் எரியும், அவ்வளவுதான்."

பிறகு அவர் சொன்னதை நான் வரிவரியாக நினைவில் வைத்திருக்கிறேன். பருவின் விதை மயிர்க்காலின் வாயில் இருக்கிறது. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்கின்றன. உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள் அந்த அடைப்பே விழாமல் செய்கின்றன. செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் சீக்கிரமாகப் புரண்டு வெளியேறுகின்றன. பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக் கிருமியைக் கொல்கிறது. ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கிற அந்தக் கிருமி, இதை எதிர்த்து நிற்கப் பழகுவதில்லை. இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் அடைப்பு இருக்கிற இடத்தை மட்டும் தேடிப்போய் வேலை செய்ய அவற்றுக்குத் தெரியாது. முகம் முழுவதும் மேல்தோலை நெகிழ்த்துகின்றன.

மேல்தோலைச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள் என்றார். செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பூச்சு, சாந்து. (பீட்டர் எலையஸ் என்ற அமெரிக்கத் தோல் ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இது என்று பின்னால் படித்தேன்.) மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் இந்தச் சாந்து இளகிவிடுகிறது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது, வெளியே இருக்கிற உப்பும் சோப்பும் உள்ளே இறங்கி எரிக்கின்றன. நெற்றியில் வழிகிற எண்ணெய் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது. அது இந்தச் சாந்தை ஈடுகட்டாது. காய்வதும் வழிவதும் ஒரே முகத்தில் எப்படி என்ற என் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

"முதல் ரெண்டு மூணு வாரம், நாலு வாரம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அப்புறம் தோல் பழகிக்கும். பரு குறையறது தெரிய எட்டுலருந்து பன்னெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் மருந்து வேலை செய்யலைன்னு நினைக்காத." இதைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொடுத்தது புது மருந்து அல்ல, பழைய மருந்தையே போடுகிற முறை. முகம் ஆறும்வரை சில நாள் இரண்டையும் நிறுத்து. பிறகு அடாபலீனை மட்டும் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி ஆரம்பி. குளியல் சோப்பு முகத்தில் படக்கூடாது. நம் தோலின் அமிலக் காரத் தன்மை (pH) 5 அளவில் இருக்கிறது, குளியல் சோப்போ 9, 10 என்று காரம். அதனால் நுரை குறைந்த மென்மையான ஃபேஸ்வாஷ், அதுவும் இரண்டு வேளைதான். கழுவியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. இருபது நிமிஷமாவது போகட்டும். ஈரத்தோலில் போட்டால் மருந்து அதிகமாக இறங்கி எரிக்கும். மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் மூன்றிலும் முதலில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தொட்டு வை, மருந்து அங்கே வழிந்தால் தடுக்கும். மருந்துக்கு மேல் மாய்ஸ்சரைசர். எரிச்சல் அதிகமானால் மருந்துக்கு முன்னாலும் ஒரு தடவை. காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். வேக்ஸிங், பிளீச் எதுவும் முகத்துக்கு வேண்டாம். நெகிழ்ந்த தோல் மெழுகோடு உரிந்து வந்துவிடும். எல்லாம் அமைதியான பிறகு பென்சாயில் பெராக்சைடை 2.5 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம்.

2.5 சதவீதம் என்றதும் மருந்தைக் குறைக்கிறாரே என்று எனக்குக் கவலை. ஆனால் 1980-களிலேயே இந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுதான்; உரிவதும் எரிவதும்தான் 10 சதவீதத்தில் அதிகம். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது, உரிந்தால்தான் புதுத்தோல் வரும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. உரிவது பக்கவிளைவு, பலனுக்கு அளவுகோல் இல்லை.

நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. நம் தோல் எரிச்சல் பட்ட இடத்தில் கறுத்துவிடும். பருவால் கறுக்கிறது போதாதென்று மருந்தின் எரிச்சலாலும் கறுத்தால், எதற்காக மருந்து போட ஆரம்பித்தோமோ அதுவே இரட்டிப்பாகிவிடும். வறட்சியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் வீரம் ஒன்றுமில்லை. அதைத் தணிப்பதும் சிகிச்சையில் ஒரு பாதி.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்குப் பெரிய சந்தேகமே மாய்ஸ்சரைசர் மேல்தான். "எண்ணெ வடியுத முகத்துக்கு எதுக்குட்டி க்ரீமு? பரு இன்னும்லா கூடும்" என்றாள். ஆச்சி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். டாக்டரம்மா சொன்ன செங்கல் சுவர்க் கதையை இருவருக்கும் சொன்னேன். தேங்காயெண்ணெய் தலைக்கும் கைகாலுக்கும் நல்லதுதான், பரு வருகிற முகத்தில் அது துளைகளை அடைக்கும். கிளிசரின் கலந்த, பரு கிளப்பாத க்ரீம்தான் வேண்டும் என்று விளக்கினேன். ஆச்சி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் தலைக்கு வந்துவிட்டாள். அம்மா பயத்தமாவு டப்பாவைக் குளியலறையில் கைகாலுக்கென்று வைத்தாள். க்ரீம் டியூப் சாமி அலமாரிக்குப் பக்கத்தில், நான் மறக்காத இடத்தில், இடம்பிடித்தது.

தை நடுவில் எரிச்சல் அடங்கியது. மாசியில் தினமும் ராத்திரி போட முடிந்தது. பங்குனி வெயில் ஏறியபோது புதுப்பரு அபூர்வமாகிவிட்டது. பழைய கறுப்புகள் போக அதற்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. பள்ளம் விழுந்த ஒன்றிரண்டு தழும்புகள் இன்றும் தாடையில் இருக்கின்றன.

அந்த மருந்துகளின் கதையை வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். பருவுக்கு வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினாயினைப் பூசலாம் என்பதை 1969-ல் உலகுக்குச் சொன்னவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். 1971-ல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. எரிச்சல் குறைந்த அடாபலீன் 1996-ல் அங்கே வந்தது. 2016 முதல் அந்த நாட்டில் 0.1 சதவீத ஜெல்லைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். லட்சக்கணக்கான முகங்களுக்கு நன்மை செய்த வரிசை இது. ஆனால் இதே கிளிக்மன், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1974 வரை கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தினார். பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொற்பப் பணத்துக்கு முதுகைக் காட்டியவர்கள். என்ன பூசுகிறார்கள், அது என்ன செய்யும் என்று அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. 2022-ல் அந்த நகர நிர்வாகம் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

இதைப் படித்த நாளில் எனக்கு மனசு கனத்துப்போயிற்று. சிறையில் நடந்த கொடுமைக்கும் அவசரமான ஒரு கிளினிக்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. ஆனால் இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். யாருடைய தோலில் மருந்து படப்போகிறதோ, அவருக்கு அது என்ன செய்யும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அது அவருடைய உரிமை.

போன வருஷம் என் தங்கை மகளுக்கு, பதினாறு வயசு, இதே அடாபலீன் எழுதிக் கொடுத்தார்கள். டியூபைத் திறப்பதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள், மாய்ஸ்சரைசர், வெள்ளைத் துண்டு. அவளுக்கும் மூக்கோரம் உரிந்தது. "நீங்க சொன்ன மாதிரியே உரியுது பெரியம்மா" என்று போனில் சொன்னாள். குரலில் பயமே இல்லை. மருந்தை விடவும் இல்லை.

பரு மருந்து போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முகம் காய்ந்தால் பயப்படாதீர்கள், மருந்தைத் தூக்கியும் போடாதீர்கள். அளவைக் குறையுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், மாய்ஸ்சரைசரைக் கூட்டுங்கள். கண் இமை வீங்கினாலோ, அரிப்பு தாங்காமல் நீர் வடிந்தாலோ அது வெறும் வறட்சி இல்லை. உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் வைட்டமின் ஏ வகை ஜெல்லை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். சிவப்பைத் தணிக்க என்று சீட்டில்லாமல் கடையில் நீட்டுகிற டியூபை வாங்காதீர்கள்.

எழுதிக் கொடுக்கிற டாக்டர்களுக்கும், எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். "முதல் நாலு வாரம் முகம் காயும், அப்புறம் சரியாகிவிடும், இந்த க்ரீமையும் சேர்த்துப் போடு" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. தயவுசெய்து அந்த நிமிஷத்தை ஒதுக்குங்கள்.